ஐறீனுக்கு ஒரு பிரேக் பிஸ்டன்

பேர்னாட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிற்று. கியர் மாற்ற வேண்டிய கால் அது. ஆனாலும் கொழும்பு வீதிகளில் அவரைப்போல மோட்டார் சைக்கிளில் திரிந்தவர்கள் குறைவு. எல்லாம் பின் சீற்றில்தான். முன்னால் கைப்பிடியைப் பிடித்திருந்தது அவருடைய மனைவி ஐறீன்.

அவர்கள் சந்தித்ததே அப்படித்தான். எண்பதுகளின் கடைசி. ஊரடங்கும் ஹர்த்தாலுமாக, நாட்டில் பஸ் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்த பேர்னாட், ஒரு நாள் காலையில் ஆமர் வீதிச் சந்தியில் காத்து நின்று கால் கடுத்துப்போனார். அப்போது ஒரு பெரிய ஜப்பான் மோட்டார் சைக்கிள் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதில் ஒரு மெலிந்த பெண். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு வருகிறவள். மருத்துவ மாது பயிற்சியில் இருப்பவள் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"கோட்டைக்குத்தானே? ஏறுங்கோ."

பேர்னாட் ஏறிவிட்டார். ஏறிய பிறகுதான் கையை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்தது.

"எங்க பிடிக்கிறது?"

"என்னைப் பிடிக்காதேங்கோ. சீற்றுக்குப் பின்னால கம்பி இருக்கு."

அடுத்த வருடம் அதே கோயிலில் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகும் பேர்னாட் நெடுநாள் அந்தக் கம்பியைத்தான் பிடித்தார். ஒரு மழை நாளில், செட்டியார் தெரு முனையில் வண்டி வழுக்கப் பார்த்தபோது, ஐறீன் திரும்பிப் பாராமலே, "இனி என்னையே பிடியுங்கோ, கம்பியைவிட நான் உறுதி" என்றாள்.

அந்த மோட்டார் சைக்கிள் அவளுடைய அண்ணனுடையது. எழுபத்தாறாம் ஆண்டுத் தயாரிப்பு. கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கி, பிறகு கனடாவுக்குப் போகும்போது தங்கையிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் உள்ள வண்டியைப் பார்ப்பதே அபூர்வம். ஐறீன் அதில்தான் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளெல்லாம் திரிந்து, வயிற்றுப்பிள்ளைக்காரிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்த்து வந்தாள். கத்தோலிக்க வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் சைவ வீடானாலும் அவள் 'மிஸ்ஸி'. காலையில் கணவனைக் கோட்டையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். மாலையில் ஏற்றிக்கொண்டு வருவாள். பெண் ஓட்ட ஆண் பின்னால் இருந்து போவதைப் பார்த்துத் தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் ஏதாவது சொல்லுவார்கள். பேர்னாட் தேர்தலில் வென்ற மந்திரியைப்போல அவர்களுக்குக் கையசைத்துக்கொண்டு போவார். சில காலத்தில் அவர்களும் திருப்பிக் கையசைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், நதீஷா. அவள் அனுஜன் என்ற ஆசிரியரைக் கட்டி ஹட்டனுக்குப் போன பிறகு, பேர்னாட்டின் காலுக்குக் கொட்டாஞ்சேனை வீட்டுப் படிகள் ஒத்துவராததால், வெள்ளவத்தையில் லிஃப்ட் உள்ள ஓர் அடுக்குமாடிக்கு வந்தார்கள். பல்கனியில் நின்றால் மரைன் டிரைவ், ரயில் பாதை, அதற்கப்பால் கடல். வாகனம் நிறுத்தும் இடம் கீழே, கடற்பக்கம் திறந்தபடி.

அங்கே வந்த சில மாதத்தில் ஐறீன் ஓய்வுபெற்றாள். பிரியாவிடையில் மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். மறுநாள் காலை வழக்கம்போல எழும்பிக் குளித்து வேலைக்கு உடுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். பிறகு எழும்பிப் போய் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மோட்டார் சைக்கிள் கீழேயே நின்றது. "எங்கயாவது போய்ட்டு வருவமே, ஐறீன்?" என்று பேர்னாட் கேட்பார்.

"இனி எங்க போறதுக்கு?"

அவள் எரிச்சலோடு சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாததுபோலத்தான் சொன்னாள். பல்கனியில் இருந்தபடி பாணந்துறைப் பக்கம் போகிற ரயில்களை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

பிறகு நதீஷாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்து அறிவித்தார்கள். ரயிலில் போவதா, வான் பிடிப்பதா என்று ஐறீன் யோசித்துக்கொண்டிருந்தபோது பேர்னாட் சொன்னார்: "மோட்டார் சைக்கிள்ல போவம்."

ஐறீன் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம். "வருசக்கணக்கா நிக்குது. உருண்டாலே பெரிய விசயம்."

இரண்டு பேருமாகக் கீழே போய்த் தள்ளிப் பார்த்தார்கள். உருளவில்லை. முன் சில்லைப் பிரேக் கவ்விப் பிடித்திருந்தது. ஐறீன் குனிந்து பார்த்தாள்.

"பிஸ்டன் இறுகிப்போச்சு. கடற்காத்து. இதுக்கு இனிச் சாமானும் வராது. விடுங்கோ."

பேர்னாட் விடவில்லை. வாழ்நாளில் ஸ்பேனர் பிடித்திராத மனிதர். ஒரு சின்ன லொறியைப் பிடித்து வண்டியைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார். அங்கே நப்ரீஸ் என்பவனுக்கு லேத் பட்டறை இருந்தது. நாற்பதைத் தாண்டியவன், பழைய மோட்டார் சைக்கிள் என்றால் சோற்றையும் மறப்பவன். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் இருந்த காலத்தில் அவன் வீட்டுக்குப் போய்வந்தது ஐறீன்தான்.

"மிஸ்ஸிட வண்டியா? வைங்க அங்கிள், நான் பாக்கிறேன்."

அவன் பிரேக்கைக் கழற்றி, கிறீஸை அழுத்தி அடித்து, உள்ளே இருந்த பிஸ்டனை வெளியே தள்ளினான். பேர்னாட் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் மூடிய சின்னக் கிண்ணம்போல ஓர் இரும்பு உருளை. பிரேக்கை அழுத்தினால் எண்ணெய் வந்து இதைத் தள்ளுகிறது, இது பிரேக் கட்டையைத் தள்ளுகிறது, கட்டை சுழலுகிற தட்டைப் பிடிக்கிறது. இவ்வளவுதான் விசயம் என்று நப்ரீஸ் விளங்கப்படுத்தினான். இரும்புக்கு மேலே குரோம் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு வெடித்து, உள்ளே துரு அரித்து, அம்மை வந்த முகம்போல இருந்தது.

பேர்னாட் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார். "ஏக்க தென் என்னே நே, அங்கிள்" என்று கைவிரித்தார்கள். அது இப்போது வருவதில்லை. ஒரு கடையில் பெயரில்லாத பெட்டியில் புதுக் குரோம் பிஸ்டன் ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டியபோது பூச்சு கையோடு வந்தது. அதைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் இருந்து கைத்தொலைபேசியில் தேடிப் படித்தார். உலகம் முழுக்க இதே கவலையோடு மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர் துருப்பிடிக்காத எவர்சில்வர்தான் வேண்டும் என்றார். இன்னொருவர் பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் போட்டால் சூடே ஏறாது என்றார். வேறொருவர் அலுமினியத்தின் அருமையைப் பாடினார். ஆளுக்கொரு கட்சி. படித்து முடித்தபோது பேர்னாட்டுக்கு முன்பைவிடக் குழப்பம் கூடியிருந்தது.

"அலுமினியம் இப்பவே என்ட கைல ஈக்கி, அங்கிள்" என்றான் நப்ரீஸ். "எவர்சில்வர் எண்டா நல்ல கம்பி தேடோணும். கொஞ்சம் பொறுக்கோணும்."

ஞானஸ்நானம் கிட்டியிருந்தது. நப்ரீஸ் கடைந்து கொடுத்த அலுமினியப் பிஸ்டனோ வெள்ளிச் சிமிழ்போல மின்னியது. கையில் வைத்தால் பாரமே தெரியவில்லை. பேர்னாட்டுக்கு அது பிடித்துப்போயிற்று. துணியில் சுற்றி, பூட்டுவதற்கு முன்னால் ஐறீனுக்குக் காட்டவென்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"என்ன சாமான் இது?"

"அலுமினியம். துருவே பிடிக்காது."

ஐறீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவருடைய முகத்தையும் பார்த்தாள். "வடிவாயிருக்கு" என்றாள்.

அதைப் பூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போகும்போது ஒரு குறையும் இல்லை. அவிசாவளை தாண்டி, கித்துல்கல தாண்டி, மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை. ஐறீனின் முதுகு பழையபடி நிமிர்ந்திருந்தது. வளைவுகளில் அவள் சாயும்போது பேர்னாட்டும் சாய்ந்தார். ஹட்டனில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனபோது, அவளுடைய தலைமுடியில் இன்னும் ஹெல்மெட்டின் அச்சு இருந்தது. "அம்மா, உங்கட வயசென்ன?" என்று நதீஷா ஏசினாள். ஐறீன் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. நதீஷா லீக்ஸும் கரட்டுமாக ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்திருந்தாள். கினிகத்தேனை தாண்டியதும் இறக்கம், ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டை வளைவுகள். கீழே ஆறு. ஒரு வளைவில் ஐறீனின் தோள் இறுகுவதைப் பேர்னாட் உணர்ந்தார். எஞ்சின் உறுமியது. கியரைக் குறைத்தாள், மறுபடி குறைத்தாள். வண்டி ஓரத்துக்கு ஒதுங்கி, மலைப்பக்கம் ஒட்டிய ஒரு தேத்தண்ணிக் கடையின் முன்னால் போய் நின்றது.

"இறங்குங்கோ" என்றாள். அவளுடைய குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இறங்கிப் பார்த்தபோதுதான் பேர்னாட்டுக்கு விளங்கியது. முன் பிரேக்கை அவள் அழுத்திக் காட்டினாள். அது ஒரு தடையும் இல்லாமல் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டியது. டிஸ்கில் இருந்து புகை மணம் வந்தது.

கடைக்காரப் பெண் வெளியே வந்தாள். "என்னாங்கம்மா, வண்டி பொகையுது?"

"பிரேக் சூடாகிட்டுது."

"இந்த எறக்கத்துல அப்படித்தாங்க. ஒக்காருங்க, டீ போடுறேன்."

பேர்னாட் தண்ணீர் வாளியைத் தூக்கினார். ஐறீன் கையைப் பிடித்தாள். "ஊத்தாதேங்கோ, தட்டு கோணிப்போகும். தன்பாட்டில ஆறட்டும்."

ஆறிய பிறகு பிரேக் திரும்பி வந்தது. ஆனால் கீழே இறக்கம் இன்னும் இருந்தது. எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டியதால்தான் இப்படி, மறுபடி சூடானால் மறுபடி போகும் என்றாள் ஐறீன். சின்னக் கியரில், பின் பிரேக்கோடு, மெதுவாக இறங்கலாம். "ஆனா பாரம் குறைஞ்சா நல்லம். நீங்க பஸ்ஸில வாங்கோ. கித்துல்கலயில நில்லுங்கோ."

"நீர் தனியப் போறதோ? நானும் வாறன்."

"நீங்க ஏறினா எனக்குத்தான் கஷ்டம்." அவள் அதைச் சொல்லிவிட்டு அவருடைய சேட்டுக் கொலரைச் சரிசெய்தாள். "மரக்கறிப் பையையும் கொண்டு போங்கோ."

அவள் முன்னால் போனாள். சற்று நேரத்தில் ஹட்டனில் இருந்து வந்த பஸ்ஸில் பேர்னாட் ஏறினார். காலைப் பார்த்து ஒரு பையன் எழும்பி முன் சீற்றைக் கொடுத்தான். சில வளைவுகள் போனதும் கண்ணாடிக்கு அப்பால் அவளைக் கண்டார்.

வந்து நிற்பதையும் புறப்படுவதையும் கண்டிருக்கிறாரே தவிர, அவ்வளவு வருட வாழ்க்கையில் ஐறீன் மோட்டார் சைக்கிளை ஓட்டிச் செல்வதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுடைய கழுத்துப் பின்புறம் தெரியும், தோளின் அசைவு தெரியும், சவர்க்கார மணம் தெரியும். தள்ளி நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். வண்டி பெரிதாக இருந்தது, அவள் சிறிதாக இருந்தாள். வளைவுக்கு வளைவு, அவசரமில்லாமல், வீதியின் ஓரத்தை ஒட்டி, ஒரு கோடு கீறியதுபோல இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

முந்த முடியாமல் பின்னால் போன பஸ் சாரதி முதலில் முணுமுணுத்தார். பிறகு பார்த்துவிட்டு, "நோனா கெனெக் நே! ஹொந்தட்ட பதினவா" என்றார். பெண் ஒருத்தியல்லவா, நன்றாக ஓட்டுகிறாளே.

"மகே நோனா" என்றார் பேர்னாட். என்னுடைய மனைவி.

வீதி அகன்ற இடத்தில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவளை முந்தியது. அவர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்குள் நின்றவர்களின் இடுப்புகள்தான் தெரிந்தன.

கித்துல்கலயில் இறங்கி மரக்கறிப் பையோடு நின்றார். வளைவில் வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தார். லொறி வந்தது. ஓட்டோ வந்தது. ஒரு வான் நிறையச் சுற்றுலாக்காரர் வந்தார்கள். அந்த மின்னுகிற அலுமினியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்த தன்னுடைய கையை அவர் வெறுத்தார். மாதாவுக்கு ஏதேதோ நேர்ந்தார். கடைசியில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டிக்குள்ளும் அவர் இனங்காணுகிற சத்தம்.

ஐறீன் வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை. கண்கள் பளபளத்தன.

"பயந்திட்டீங்களோ?"

பேர்னாட் பையைக் கீழே வைத்தார். வீதியோரத்தில், எல்லாரும் பார்க்க, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளும் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வீதி சமம். மெதுவாகவே வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் அவர் வண்டியை மறுபடி லொறியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது நப்ரீஸ் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டான். "யா அல்லாஹ். மலைக்குப் போறீங்கண்டு சொல்லவே இல்லியே, அங்கிள். நானும் கேக்கல்ல." அலுமினியத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். "இனி அவசரப்பட வாணாம். பாத்துச் செய்வம்." பட்டறையில் கிடந்த ஓர் எவர்சில்வர்த் துண்டையும், ஏதோ பழைய காரில் இருந்து எடுத்த பேக்லைட் பிஸ்டனையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

எல்லாவற்றையும் பேர்னாட் குசினி மேசையில் பரப்பினார். அரித்துப்போன பழைய இரும்பு, அலுமினியம், எவர்சில்வர், பேக்லைட். ஐறீன் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அகன்ற சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்து, நாலையும் அதற்குள் நிறுத்தி வைத்தாள். மேற்பகுதிகள் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன.

"விரலை வையுங்கோ. எது முதல்ல சுடுதெண்டு சொல்லுங்கோ."

அவர் அலுமினியத்தில் ஒரு விரலையும் எவர்சில்வரில் ஒரு விரலையும் வைத்தார். அவள் மற்ற இரண்டிலும் வைத்தாள். இரண்டு பேரும் அடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு, சின்னப்பிள்ளைகள்போல நின்றார்கள். தண்ணீர் ஆவி விடத் தொடங்கியபோதே பேர்னாட் கையை உதறினார். அலுமினியம். கொஞ்சம் பொறுத்து ஐறீன் இரும்பில் இருந்து விரலை எடுத்தாள். எவர்சில்வர் அதற்குப் பிறகும் நெடுநேரம் பொறுத்தது. பேக்லைட்டில் வைத்த விரலை அவள் எடுக்கவே இல்லை.

"எங்கட கேத்தல் என்ன சாமான்?" என்று கேட்டாள்.

"அலுமினியம்."

"அதின்ர பிடி?"

"பேக்லைட்." அவருக்கு வெட்கமாகப் போயிற்று. தினமும் காலையில் தேத்தண்ணி போடுகிறவர் அவர்தான். "அலுமினியம் சூட்டை அப்படியே எண்ணெய்க்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டுது. நான் உம்மைக் கொண்டே போட்டிருப்பன், ஐறீன்."

"போடேல்லத்தானே." அவருடைய சுட்ட விரலைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். "எனக்கும் அண்டைக்கே யோசினை வந்தது. சூடு ஏறுமெண்டு தெரியும். ஆனா நீங்க அந்தத் துணிப் பொட்டலத்தோட நிண்ட நிலையைப் பார்த்து வாய் வரேல்ல. இத்தனை வருசத்தில நீங்க எனக்கெண்டு வண்டிக்குச் செய்த முதல் வேலை."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"இனி வாய் வரோணும்" என்றார் பேர்னாட். "உம்மட உயிர் விசயத்தில என்னில பாவம் பார்க்கக் கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சரியெண்டு சொல்லீட்டன்தானே. விரலை ஆட்டாதேங்கோ."

சூட்டைப் பார்த்தால் பேக்லைட்தான் நல்லது என்று ஐறீன் நினைத்தாள். அடுத்த நாள் இரண்டு பேருமாகப் பட்டறைக்குப் போனார்கள். ஓய்வுபெற்ற பிறகு அவள் கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. வீதியைக் கடப்பதற்குள் நாலு பேர் மறித்துப் பிள்ளைகளைக் காட்டினார்கள்.

"பேக்லைட் நல்லதுதான் மிஸ்ஸி" என்றான் நப்ரீஸ். "ஆனா வருசம் போகப் போக ஈரம் குடிச்சி ஊதும். ஊதினா இதுவும் இறுகும். ஓரம் உடையவும் பாக்கும்."

"நாங்க இருக்கிறது கடலுக்குப் பக்கத்தில. ஈரத்துக்குக் குறைவில்லை." ஐறீன் எவர்சில்வர்த் துண்டைக் கையில் எடுத்தாள். "இதுவே போதும். துருவும் இல்லை, ஊதவும் மாட்டுது, சூட்டையும் உடன கடத்தாது. என்ன சொல்லுறீங்க?" என்று பேர்னாட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அப்படித்தான் முடிவாயிற்று.

நல்ல கம்பி தேடுவது பேர்னாட்டின் பொறுப்பு. துறைமுகத்தில் கப்பல் திருத்துகிற இடமொன்றில் வேலைசெய்த பழைய சினேகிதர், உப்புத் தண்ணீர் இறைக்கிற பம்பின் தண்டில் வெட்டி எறிந்த துண்டொன்றைத் தந்தார். வருடக்கணக்காகக் கடலில் கிடந்தும் துரு தொடாத உலோகம். ஐறீன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மடு மாதா காந்தத்தை எடுத்து அதில் வைத்துப் பார்த்தாள். ஒட்டாமல் விழுந்தது. அது நல்ல அடையாளம் என்று நப்ரீஸ் சொல்லியிருந்தான்.

கடைவது சுலபமாக இருக்கவில்லை. "சூட்டில இது பழைய இரும்பைவிடக் கொஞ்சம் கூட விரியும். அதுக்கு இடம் விடோணும். கூட விட்டா எண்ணெ கசியும்" என்று சொல்லிக்கொண்டே நப்ரீஸ் அளந்து அளந்து கடைந்தான். ஐறீன் ஒரு ஸ்டூலில் பக்கத்தில் இருந்தாள். மினுக்கி முடித்துக் கொடுத்தபோது கண்ணாடிபோல இருந்தது. அவள் நகத்தால் மெல்ல வருடிப் பார்த்தாள்.

"இஞ்ச ஒரு கோடு இருக்கு, தம்பி."

"எங்க மிஸ்ஸி?" வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தான். "ம். ஈக்கி." மறுபடி மினுக்கினான். புது ரப்பர் வளையம், புது எண்ணெய். எல்லாம் பூட்டி முடித்தபோது பின்னேர வெயில் பட்டறை வாசலுக்கு வந்திருந்தது.

பேர்னாட்டை உடனே ஏற்ற மாட்டேன் என்றாள் ஐறீன். முதலில் தனியாகப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை, வாகனம் குறைந்த நேரத்தில், மரைன் டிரைவில் வேகமெடுத்துப் போய்ப் பிரேக் பிடித்தாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். பேர்னாட் ரயில் பாதையோரச் சுவரில் கைவைத்துக்கொண்டு நின்றார். இந்த முறை தள்ளி நின்று பார்ப்பது அவருக்குச் சந்தோசமாக இருந்தது. அலையடித்து உப்புத் தூறல் முகத்தில் விழுந்தது. கடைசியில் அவருக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தி, "தொட்டுப் பாருங்கோ" என்றாள்.

அவர் சிரமப்பட்டுக் குந்தித் தொட்டார். இளஞ்சூடு.

"பிள்ளைக்கு வார்க்கிற தண்ணிப் பதம்" என்றாள் ஐறீன்.

எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் மாடிப்படியால் இறங்கி வந்தது. அவர்களுக்கு மேல் மாடியில் இருக்கும் மஸாஹிரா ஒரு காலையில் கதவைத் தட்டினாள். ஹெவ்லொக் டவுனில் இருக்கிற அவளுடைய தங்கை நுஹாவுக்குப் பிள்ளை கிடைத்து ஒரு கிழமை. பால் குடிக்குதில்லை, பிள்ளையும் அழுகுது, தாயும் அழுகிறாள். "நீங்க முந்தி மிஸ்ஸியா இருந்தீங்கண்டு சொன்னாங்க. ஒருக்காப் போய்ப் பாக்க ஏலுமா?"

ஐறீன் அடுப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது ஹெல்மெட் கையில் இருந்தது. "வாங்கோ" என்றாள் பேர்னாட்டிடம்.

காலி வீதி நெரிசலில் பஸ்களுக்கும் ஓட்டோக்களுக்கும் இடையில் பிடித்துப் பிடித்து விட்டுத்தான் போகவேண்டியிருந்தது. பிரேக் ஒரு தொடலுக்கே பிடித்தது. நுஹாவின் வீட்டு வாசலில் ஐறீன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பேர்னாட் வெளியே மதிலோரத்தில் இருந்தார். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஐறீனின் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. நெடுநேரம் அழுகை. பிறகு விக்கல்போல விட்டுவிட்டு. பிறகு ஒன்றும் இல்லை. வீதியில் மீன்காரன் கூவிக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

ஐறீன் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"குடிச்சிட்டான். பிள்ளையில பிழையில்லை, தாய்தான் பயந்து போய் இருக்கிறா. பிடிக்கிற விதத்தைக் காட்டிக் குடுத்தனான். நாளைக்கும் வாறனெண்டு சொல்லிப்போட்டன்."

"நாளைக்குமோ?"

"ஓம். ஏன், உங்களுக்கு வேற வேலை இருக்கோ?"

"எனக்கென்ன வேலை."

"அப்ப வெளிக்கிடுவம். எனக்குச் சரியான பசி."

வெள்ளவத்தைக்குத் திரும்பி, காலி வீதியில் ஒரு சைவக் கடையின் முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். தோசை வந்தது. ஐறீன் சாப்பிட்டாள். சம்பலை வழித்துச் சாப்பிட்டாள். பேர்னாட் தன்னுடைய தட்டைத் தொடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பார்க்காமலே வெயிட்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இன்னொரு தோசை கேட்டாள்.